உரைக்கும் அறிக்கைக்கும் கணினியில் மேற்கோள் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் பேசுபவர்கள், ஆண்டறிக்கை எழுதுபவர்கள், பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு மேற்கோளைக் கண்டெடுப்பது இன்று நொடிப்பொழுது வேலை. சொன்னவர் உண்மையில் அவர்தானா, சொன்னது அப்படித்தானா என்று உறுதிசெய்யத்தான் நேரம் பிடிக்கும். அதற்கும் மென்பொருளே கைகொடுக்கும் என்பதால் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி நினைவில் நிற்கும் ஒரு வரியா, நன்றி அல்லது நேர்மை போன்ற ஒரு கருப்பொருளா, ஒருவருடைய பெயர் மட்டுமா? மூன்றுக்கும் வழி வேறு. வரி இருந்தால் தேடுபொறியும் நூல்களுக்குள் தேடும் தளங்களும் போதும். கருப்பொருள்தான் இருக்கிறது என்றால் பொருள்வாரியாகப் பகுத்த தொகுப்புகளுக்குப் போங்கள். பெயர் மட்டும் இருந்தால் அவர் எழுதிய நூல்களையே திறந்து தேடுங்கள். ‘இன்னாரின் பொன்மொழிகள்’ என்று தேடினால் அவர் சொல்லாததுதான் பல சமயம் முதலில் வந்து நிற்கிறது.

பொன்மொழித் தளங்களில்தான் எல்லாமே இருக்கிறதே, அவை போதாதா?

போதாது. அவற்றில் பெரும்பாலானவை வரியையும் பெயரையும் மட்டும் தருகின்றன. எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. ஒரு தளம் இன்னொன்றைப் பார்த்து எழுதுவதால், பத்துத் தளங்களில் ஒரே வரி ஒரே பெயரோடு இருப்பது பத்துச் சாட்சிகள் ஆகாது. அது ஒரே வதந்தியின் பத்துப் பிரதிகள்.

‘ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு விளைவை எதிர்பார்ப்பதே பைத்தியக்காரத்தனம்’ என்ற கருத்து ஐன்ஸ்டைன் பெயரில் எல்லா மொழிகளிலும் சுற்றிவருகிறது. அவர் 1955இல் மறைந்தார். அந்த வாசகம் இன்றைய வடிவில் அச்சில் தென்படுவதோ 1980களின் தொடக்கத்தில். அவருடைய எழுத்துகளில் அது இல்லை. ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிர் உள்ளவரை காப்பேன்’ என்பதை வால்டேர் சொன்னதாக எத்தனையோ மேடைகளில் கேட்டிருப்பீர்கள். வால்டேரின் மனப்போக்கை விளக்குவதற்காக ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற எழுத்தாளர் 1906இல் வெளியான தம் நூலில் தாமே எழுதிய வாக்கியம் அது. வால்டேர் இறந்தது 1778இல்.

ஆகவே பொன்மொழித் தளத்தை வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிடித்த வரியை எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தேடி வெளியே வந்துவிட வேண்டும். விக்கிமேற்கோள் இதில் சற்றே மேல். 2003இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆங்கிலப் பக்கங்களில் மூலம் தெரிந்தவை, ஐயத்துக்குரியவை, தவறாகச் சாற்றப்பட்டவை என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். தமிழ் விக்கிமேற்கோளும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வரிக்கும் கீழே மூலம் தரப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

பாதி நினைவில் உள்ள வரியைத் தேடுபொறியில் எப்படி இடுவது?

முழு வரியையும் இடாதீர்கள். நினைவில் ஒரு சொல் பிசகியிருந்தாலும் தேடல் தோற்றுவிடும். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த, வேறெங்கும் அதிகம் வராத மூன்று நான்கு சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். அப்போது அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களே வரும். நடுவில் ஒரு சொல் மறந்துபோனால் அந்த இடத்தில் உடுக்குறி (*) போட்டுப் பார்க்கலாம். பொன்மொழித் தளங்கள் வந்து குவிந்தால் ‘பொன்மொழிகள்’ என்ற சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டு விலக்கலாம். குறிப்பிட்ட ஒரு தளத்துக்குள் மட்டும் தேடவும் குறிப்பிட்ட காலத்துக்கு முந்திய பக்கங்களை மட்டும் காணவும் தேடுபொறிகளில் வசதி உண்டு.

ஒரு வரி எத்தனை பழையது என்று அறியக் கூகுள் புக்ஸ் மிகவும் பயன்படும். அங்கே ஆண்டு வரம்பு கொடுத்துத் தேடினால் அந்த வரி எந்தக் காலத்து நூல்களில் தென்படத் தொடங்குகிறது என்று தெரியும். முகப்பில் காட்டும் ஆண்டை மட்டும் நம்பாமல் நூலின் தலைப்புப் பக்கத்தையும் பாருங்கள். மறுபதிப்புகளுக்கும் இதழ்த் தொகுதிகளுக்கும் தவறான ஆண்டு பதிவாகியிருப்பது உண்டு.

தமிழ் வரிகளைத் தேடினால் மட்டும் கிடைப்பதே இல்லை. ஏன்?

நல்ல கேள்வி. இதை விரிவாகப் பார்க்கத்தான் வேண்டும், ஏனெனில் ‘இணையத்தில் இல்லை’ என்று கைவிடப்படும் தமிழ் வரிகளில் பல அங்கேயே இருக்கின்றன. நாம் இடும் வடிவமும் அங்கே உள்ள வடிவமும் பொருந்தாததே காரணம்.

முதலாவது, புணர்ச்சியும் சீர் பிரிப்பும். பாரதியின் வரியை நாம் ‘தனி ஒருவனுக்கு உணவில்லை எனில்’ என்று நினைவில் வைத்திருக்கிறோம். பாடலை அச்சிட்ட விதமோ ‘தனியொருவனுக் குணவிலை யெனில்’ என்பது. ‘உணவில்லை’ என்று தேடும் கணினிக்குக் ‘குணவிலை’ முற்றிலும் வேறொரு சொல். திருக்குறளிலும் இதே சிக்கல்தான். 355ஆம் குறளில் ‘எத்தன்மைத் தாயினும்’ என்று சீருக்காக நடுவில் இடம் விட்டிருக்கும். நாம் ‘எத்தன்மைத்தாயினும்’ என்று சேர்த்து இடுவோம். ஆகவே வரியின் நடுவே புணர்ச்சியால் மாறாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டு, இடையில் உள்ள எழுத்துகளைக் கொண்டு தேடினால் இன்னும் நல்லது. தரவிறக்கிய கோப்புக்குள் தேடும்போது இந்த உத்தி தவறுவதில்லை.

இரண்டாவது, மக்கள் வழக்கில் வரி மாறியிருப்பது. ‘ஒன்றே குலம் ஒருவனே தேவன்’ என்று சொல்கிறோம். திருமந்திரத்தில் ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்று இருக்கிறது. ‘யான் பெற்ற இன்பம்’ என்பதை ‘நான்பெற்ற இன்பம்’ என்று அச்சிட்ட பதிப்புகள் உண்டு. ‘யாவரும் கேளிர்’ என்பதைக் ‘கேளீர்’ என்று பிழையாக எழுதிய பக்கங்களோ கணக்கில் அடங்கா. பிழையான வடிவத்தைத் தேடினால் பிழை செய்தவர்களே கிடைப்பார்கள். புறநானூற்று 192ஆம் பாடல் கிடைக்காது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத குறிமுறை வேறுபாடு. ஔவையார் என்பதை ‘ஔ’ என்ற ஒரே எழுத்தால் தட்டச்சிடுபவர்களும் உண்டு, ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டச்சிடுபவர்களும் உண்டு. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு. இரண்டு வடிவத்திலும் தேடிவிடுங்கள். ‘கொ’ போன்ற எழுத்துகளில் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு துண்டுகளாகவும் இருக்கலாம். நல்ல தேடுபொறிகள் இதைச் சமன்செய்துவிடும். சிறிய மென்பொருள்கள் பலவும் செய்வதில்லை.

நான்காவது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருக்களிலும் டிஸ்கி, தாப், தாம் முதலிய குறிமுறைகளிலும் தட்டச்சிட்ட கோப்புகள் இன்னும் ஏராளம். திரையில் அழகான தமிழாகத் தெரியும் ஒரு பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து விழுந்தால் காரணம் இதுதான். எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு முழுக் கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அதில் தேட முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணினி எழுத்துக் குறிகளைத்தான் பார்க்கிறது, நாம் காணும் உயிர்மெய்யை அல்ல. ஆகவே அறம், அறத்தால், அறத்தின் எல்லாவற்றையும் ஒருசேரப் பிடிக்கலாம் என்று ‘அற’ என்று தேடினால், ‘அறிவு’, ‘அறை’ எல்லாம் கூடவே வந்துவிடக்கூடும். ‘அறம்’ என்றும் ‘அறத்’ என்றும் இரண்டு முறை தேடுவதே சுருக்கமான வழி.

வருடிய (ஸ்கேன் செய்த) பழைய புத்தகப் பிடிஎஃபில் எதைத் தேடினாலும் ‘இல்லை’ என்றே வருகிறது. என்ன செய்வது?

அதில் இருப்பது எழுத்தல்ல, படம். எழுத்துணரி மென்பொருளால் படத்தை எழுத்தாக மாற்ற வேண்டும். டெசரேக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் தமிழை அறியும். 2018இல் வந்த அதன் நான்காம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறியது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறந்தாலும் எழுத்து கிடைக்கும்.

கிடைப்பது தேடுவதற்குப் போதும், மேற்கோள் காட்டப் போதாது. ரகரமும் துணைக்காலும் இடம் மாறிவிடும், புள்ளிகள் காணாமற்போகும், ண, ன குழம்பும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சான நூல்களில் ணை, லை, றா, னா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருப்பதால் அங்கே தடுமாற்றம் இன்னும் அதிகம். எழுத்துணரி பக்க எண்ணைக் காட்டிக்கொடுக்கட்டும். வரியைப் படத்தைப் பார்த்து நீங்களே எழுதுங்கள்.

தமிழ் மூலநூல்கள் எங்கே கிடைக்கும்?

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை அங்கே தேடத்தக்க யூனிகோடு வடிவில் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரைகளோடு கூடிய பதிப்புகள் இருப்பது பெரும் வசதி. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தை விடச் சிறந்த இடம் இல்லை. இணைய ஆவணகத்தில் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) வருடிய நூல்கள் மலைபோல் உள்ளன. ஆங்கில நூல்கள் என்றால் அதன் முழுப்பாடத் தேடலையும் பயன்படுத்தலாம்.

மேற்கோள் தேடுபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது தமிழ் விக்கிமூலத்தை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல அங்கே ஏறியிருக்கின்றன. தட்டச்சிட்ட எழுத்தும் அச்சுப் பக்கத்தின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தேடிக் கண்ட வரியை அதே திரையில் அச்சோடு ஒப்பிட்டுவிடலாம்.

வரியே தெரியாது. கருப்பொருள் மட்டும் இருக்கிறது. மென்பொருள் பொருளைப் புரிந்துகொண்டு தேடுமா?

ஓரளவு தேடும். வழக்கமான தேடல் எழுத்துகளை ஒப்பிடுகிறது. பொருள்வழித் தேடல் மென்பொருளோ ஒவ்வொரு வாக்கியத்தையும் எண்களின் வரிசையாக மாற்றிவைத்து, நீங்கள் கேட்டதற்கு அருகில் உள்ள எண்வரிசைகளை எடுத்துத் தருகிறது. ‘தோல்விக்குப் பின் மீண்டும் முயல்வது’ என்று கேட்டால் தோல்வி என்ற சொல்லே இல்லாத வரியையும் கொண்டுவரக்கூடும். இன்றைய உரைநடையில் இது நன்றாக வேலை செய்கிறது. செய்யுள் தமிழில் தடுமாறுகிறது. பாட்டின் மூலத்தோடு அதன் உரையையும் சேர்த்து உள்ளிட்டுத் தேடினால் பலன் கூடும்.

பழந்தமிழ் நூல்களில் இந்த வேலையைத் தொகுத்தவர்களே செய்துவைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். திருக்குறளின் 133 அதிகாரத் தலைப்புகள் தாமே ஒரு பொருளடைவு. சொல்வன்மை பற்றிப் பேச வேண்டுமா? 65ஆம் அதிகாரத்தைத் திறந்து பத்துக் குறளையும் வாசியுங்கள். எந்தத் தேடலும் அந்தப் பத்தை விடப் பொருத்தமாகத் தரப்போவதில்லை. அறநெறிப் பாடல்கள் கொண்ட பிற நூல்களையும் இப்படியே அணுகலாம்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவிடம் மேற்கோள் கேட்கலாமா?

யார் சொல்லியிருக்கக்கூடும், எந்தச் சொல்லால் தேடலாம் என்று கேட்கலாம். அது தரும் வரியை அப்படியே மேடைக்கோ அறிக்கைக்கோ கொண்டுபோகக் கூடாது. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அந்த மென்பொருள்கள் நூலைத் திறந்து படித்துச் சொல்வதில்லை; அடுத்து எந்தச் சொல் வரத்தக்கது என்று கணித்து வாக்கியத்தைக் கட்டுகின்றன. பாரதியைப் போல ஒரு வரி கேட்டால் பாரதியைப் போலவே ஒரு வரி வரும். அவர் எழுதியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. குறள் எண் சரியாக இருந்து குறள் வேறாக இருக்கும். முதலடி ஒரு குறளிலும் இரண்டாம் அடி இன்னொன்றிலும் இருந்து வரும். நூல் பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தில் அப்படி எதுவும் இராது. 2023இல் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளும் அவற்றிலிருந்து எடுத்ததாகக் காட்டிய மேற்கோள்களும் இருந்தன. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

‘உறுதிதானா?’ என்று அதையே திரும்பக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. அதே கணிப்புதான் பதிலாக வரும். இணையத்தில் தேடி இணைப்புத் தரும் வகை மென்பொருளாக இருந்தால் அந்த இணைப்பைத் திறந்து, வரி அங்கே சொல்லுக்குச் சொல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இணைப்பு இருப்பதாலேயே வரி இருக்கிறது என்று பொருளல்ல.

அது நன்றாகச் செய்யும் வேலைகளும் உண்டு. ‘அரசன் வரி வாங்கும் முறை பற்றி யானையையும் வயலையும் வைத்துச் சொன்ன பழம்பாடல் எது?’ என்பது போன்ற மங்கலான நினைவைச் சொன்னால், தேடிப் பார்க்கத்தக்க நூல்களைச் சுட்டும். ஒரு கருப்பொருளுக்கு இணையான பழஞ்சொற்களை அடுக்கித் தரும். தமிழில் மட்டும் நினைவிருக்கும் ஓர் அயல்நாட்டு வரி ஆங்கிலத்தில் எப்படி இருந்திருக்கலாம் என்று நான்கைந்து வடிவங்கள் தரும். இவையெல்லாம் தேடலுக்கான விதைகள். அங்கிருந்து மூலநூலுக்குப் போய்விட வேண்டும்.

சரிபார்ப்பு எப்போது முடிந்ததாகக் கொள்ளலாம்?

சொன்னவரே எழுதிய நூலின் பக்கத்தையோ, அவர் பேசிய காலத்திலேயே வந்த செய்தியையோ, ஒலிப்பதிவையோ கண்டுவிட்டால் முடிந்தது. அடுத்த நிலை, நம்பகமான ஆய்வுப் பதிப்பு ஒன்று மூலத்தைக் காட்டி எடுத்தாண்டிருப்பது. அதற்குக் கீழே உள்ள எதுவும் ‘அவர் சொன்னதாக’ என்ற வகையில்தான் சேரும்.

ஒரே ஒரு நூலில் கண்டதோடு நிறுத்திவிடவும் வேண்டாம். ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்று தேடினால் 423ஆம் குறள் கிடைக்கும், மகிழ்ந்து மூடிவிடுவோம். அதே முடிவோடு 355ஆம் குறளும் இருக்கிறது. ஒன்று ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’, மற்றது ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’. முன்னது அறிவுடைமை அதிகாரம், பின்னது மெய்யுணர்தல். கேட்ட செய்தியை ஆராய்வது பற்றிப் பேசும் இடத்தில் பின்னதைச் சொன்னால் பொருள் நழுவிவிடும். தேடல் முடிவுகளைக் கடைசிவரை பார்ப்பவருக்குத்தான் இது தெரியவரும்.

ஆங்கில மேற்கோள்களுக்குக் ‘கோட் இன்வெஸ்டிகேட்டர்’ என்ற தளம் பெருந்துணை. ஒவ்வொரு வரியும் எந்த ஆண்டில் எந்த அச்சில் முதலில் தென்பட்டது, எப்போது யார் பெயர் ஒட்டிக்கொண்டது என்று அங்கே வரிசையாகக் காட்டுவார்கள். தமிழுக்கு அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

வரி சரி, நூல் சரி, பக்கமும் சரி. இனிக் கவலை இல்லைதானே?

முன்னும் பின்னும் உள்ள வரிகளை வாசித்தீர்களா? தேடுபொறி ஒரு துண்டைத்தான் காட்டும். ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்பதைப் பாரதியே தமிழின் எதிர்காலம் பற்றிச் சொன்ன கணிப்பாகக் காட்டும் கட்டுரைகள் எத்தனை! பாடலில் அடுத்து வருவது ‘என்றந்தப் பேதை உரைத்தான்’. அது ஒரு பேதையின் கூற்று, ‘ஆ! இந்த வசையெனக் கெய்திட லாமோ?’ என்று பதறுகிறாள் தமிழ்த்தாய். பிறகுதான் ‘சென்றிடுவீர் எட்டுத் திக்கும்’ என்ற அறைகூவல் வருகிறது. வரி பாரதியுடையதுதான், எழுத்துப் பிழையும் இல்லை. ஆனாலும் அப்படி எடுத்தாள்வது அவருக்கு அநீதி.

‘என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்ற அப்பர் வாக்கையும் தனியாகவே மேடையில் கேட்கிறோம். அதற்கு முந்திய அடி ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல்’. இரண்டும் சேர்ந்தால்தான் அது இறைவனுக்கும் அடியவருக்கும் இடையிலான உறவு. தொண்டு பற்றிப் பேசும்போது பின்னடியை மட்டும் எடுப்பதில் தவறில்லை, ஆனால் முன்னடியை அறிந்து எடுப்பவரின் குரலில் ஒரு நிதானம் வரும். குறைந்தது மேலும் கீழும் ஒரு பக்கம் வாசியுங்கள்.

மூலம் கிடைக்கவே இல்லை, ஆனால் வரி அருமையாக இருக்கிறது. விட்டுவிட வேண்டுமா?

உரையில் என்றால் பெயரை விட்டுவிட்டு வரியை வைத்துக்கொள்ளலாம். ‘ஒரு சொல்வழக்கு உண்டு’ என்று சொன்னாலே போதும். வரிக்கு வலு இருந்தால் பெயர் இல்லாமலும் நிற்கும். அறிக்கையில் என்றால் விட்டுவிடுங்கள். அச்சில் ஏறியது பிறர் கையில் மூலமாகிவிடும்.

வேற்றுமொழி மேற்கோளைத் தமிழில் தருவது எப்படி?

முதலில் அது எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அந்த மொழியில் தேடி உறுதிசெய்யுங்கள். தமிழாக்கத்தைக் கணினியால் ஆங்கிலமாக்கி அதைத் தேடினால் அநேகமாக எதுவும் கிடைக்காது, ஏனெனில் சொற்கள் மாறியிருக்கும். பெயரையும் இரண்டு மூன்று முக்கியச் சொற்களையும் மேற்கோள் குறி இல்லாமல் தேடிப் பிடிப்பது எளிது. மூலம் கிடைத்ததும், நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு நூல் ஏற்கெனவே இருந்தால் அதிலிருந்து மொழிபெயர்ப்பாளர் பெயரோடு எடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே மொழிபெயர்த்து அப்படியே குறிப்பிடுங்கள். எந்திர மொழிபெயர்ப்பை மேற்கோள் குறிக்குள் வைப்பது அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதாகும்.

மேற்கோள்களைச் சேமித்துவைக்கத் தனி மென்பொருள் தேவையா?

தேவையில்லை. ஒரு விரிதாள் போதும். மேற்கோள், சொன்னவர், நூலும் பதிப்பும், பக்கம், கண்ட இடத்தின் இணைப்பு, கருப்பொருள், சரிபார்த்தாயிற்றா என்ற கட்டங்கள் இருந்தால் நிறைவு. கடைசிக் கட்டத்தைத் தவறவிடாதீர்கள். அது காலியாக உள்ள எந்த வரியும் உரைக்குள் போகக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூட்டத்தில் பயன்படுத்தினீர்கள் என்றும் குறித்துவைத்தால் அதே அவையில் அதே வரியை மீண்டும் சொல்லும் சங்கடம் வராது.

எளிய எழுத்துக் கோப்பும் நல்லதே. 1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு கோப்பில் அடுக்கிய வாசகங்களிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டும் ‘ஃபார்ச்சூன்’ என்ற சிறு நிரல் இருந்தது. அதன் கோப்பு முறை இன்றும் திறக்கிறது, வாசிக்க முடிகிறது. 1987இல் மைக்ரோசாஃப்ட் ‘புக்‌ஷெல்ஃப்’ என்ற குறுந்தகட்டில் பார்ட்லெட் மேற்கோள் தொகுப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தத் தகட்டை இன்று ஓட்டத் தேவையான கணினியைத் தேட வேண்டியிருக்கும். சேமிப்பு உங்களுடையதாக, எந்த மென்பொருளிலும் திறப்பதாக இருக்கட்டும்.

நீண்ட அறிக்கைக்கு மூலக்குறிப்புகளை நிர்வகிக்க எது நல்லது?

ஜோட்டெரோ. 2006இல் வந்த கட்டற்ற மென்பொருள், கட்டணம் இல்லை. பிடிஎஃபில் குறித்த வரியைப் பக்க எண்ணோடு எடுத்து வைத்துக்கொள்ளும்; வேர்டு கோப்பில் மூலக்குறிப்பைத் தானே இடும். தமிழ்ப் பெயர்களை மட்டும் கவனியுங்கள். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். தலைப்பெழுத்தோடு கூடிய நம் பெயர்களை ஒரே கட்டத்தில் இடும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் பெயர் தலைகீழாகாது.

பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

ஓரிரு வரிகளை மூலத்தைச் சொல்லி எடுத்தாள்வதைப் பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் பத்தாம் பிரிவே அனுமதிக்கிறது: நூல் முன்பே வெளியாகியிருக்க வேண்டும், எடுத்தாள்வது நியாயமான அளவில் இருக்க வேண்டும், மூலமும் ஆசிரியர் பெயரும் குறிக்கப்பட வேண்டும். முழுக் கவிதை, முழுப் பாடல் என்றால் அனுமதி பெறுங்கள்.

ஓர் உரைக்கு எத்தனை மேற்கோள்?

பத்து நிமிட உரைக்கு ஒன்று போதும், இரண்டு தாராளம். மென்பொருள் நூறு தருகிறது என்பதற்காக ஏழெட்டைக் கோக்க வேண்டாம். ‘பலசொல்லக் காமுறுவர்’ என்று தொடங்கும் 649ஆம் குறள், மாசற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொல்ல ஆசைப்படுவார்கள் என்கிறது. அது மேற்கோளுக்கும் பொருந்தும்.

அச்சு மேற்கோள் அகராதிகளுக்கு இனி வேலை உண்டா?

உண்டு. ஜான் பார்ட்லெட்டின் தொகுப்பு 1855இல் வந்தது, ஆக்ஸ்ஃபோர்டு மேற்கோள் அகராதி 1941இல். 2006இல் வந்த யேல் மேற்கோள் நூல் கணினித் தேடலாலேயே சிறப்புப் பெற்றது. அதன் தொகுப்பாளர் ஃபிரெட் ஷப்பீரோ மின் தரவுத்தளங்களைத் துழாவிப் பல வரிகளின் பழைய மூலங்களைக் கண்டெடுத்தார். ஒருவர் பொறுப்பேற்றுச் சரிபார்த்த பக்கம் என்பதே இந்த நூல்களின் மதிப்பு.

மேடையில் வாசிக்க மேற்கோளை எப்படி அச்சிட்டுக்கொள்வது?

செய்யுளைச் சந்தி பிரித்து, பெரிய எழுத்தில், பொருள் முடியும் இடத்தில் வரி உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். சீர்பிரிப்பில் உள்ளதைப் பார்த்து வாசித்தால் ‘எத்தன்மைத்’ என்று நின்று ‘தாயினும்’ என்று தொடரும் ஆபத்து உண்டு. அறிக்கையில் மட்டும் பதிப்பில் உள்ள வடிவத்தையே இடுங்கள். செல்பேசியில் தட்டச்சிடும்போது தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். பழஞ்சொற்களை அது பிழையென்று கருதிச் சத்தமில்லாமல் மாற்றிவிடும்.

பேசி முடித்த பிறகு ஒருவர் வந்து ‘அது அவர் சொன்னதல்ல’ என்றால்?

உங்கள் விரிதாளைத் திறந்து நூலையும் பக்கத்தையும் காட்டுங்கள். அவரிடம் இன்னும் பழைய மூலம் ஒன்று இருந்தால் நன்றியோடு வாங்கிப் புதிய வரிசையில் சேர்த்து, உரையின் எழுத்து வடிவம் எங்கெல்லாம் அனுப்பப்பட்டதோ அங்கெல்லாம் திருத்திய வரியை அனுப்பிவிடுங்கள். பழைய வரிசையை அழிக்க வேண்டாம். ‘தவறாகச் சாற்றப்பட்டது’ என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே வரி வேறொரு தளத்தில் கண்ணில் படும்போது அந்தக் குறிப்புத் தேவைப்படும்.